வியட்நாம் கணக்கு இன்றைக்குப் பொருந்தாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

அமெரிக்காவில் போதைப் பழக்கத்திலிருந்து மீளும் முன்னாள் ராணுவத்தினர் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வலி மாத்திரையில் தொடங்கி ஹெராயின், ஃபென்டனில் என்று போகும் பாதையைக் கட்டுரையாளர் நன்றாகவே சொல்லியிருக்கிறார். ஆனால் கடைசியில் வியட்நாம் சிப்பாய்களைக் காட்டி, 'ஊர் திரும்பியதும் அவர்கள் தாங்களாகவே விட்டுவிட்டார்களே, இவர்களுக்கு மட்டும் எதற்கு இத்தனை கவுன்சலிங், கூப்பன்?' என்று கேட்கிறாரே, அதுதான் உறுத்துகிறது.

அந்த ஆய்வு உண்மைதான். லீ ராபின்ஸ் என்ற சமூகவியலாளர் செய்தது. 1971 செப்டம்பரில் வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்களில் ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயினுக்கோ அபினுக்கோ அடிமையாகியிருந்தார். ஊர் வந்தபின் மூன்று ஆண்டுகளுக்குள் அவர்களில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 12 சதவீதம்தான். ஆனால் அந்த 12 மனவுறுதிக்குக் கிடைத்த மதிப்பெண் இல்லை. வியட்நாமில் ஹெராயின் சல்லிசு, சுத்தமும் கூட. சிகரெட்டில் சேர்த்து இழுத்தார்கள். விமானம் ஏறும் முன் சிறுநீர்ப் பரிசோதனை நடந்தது. அதில் சிக்கியவரை நிறுத்திவைத்து, தெளிந்த பிறகே அனுப்பினார்கள். வந்து இறங்கிய ஊரில் அதே சரக்கு யானை விலை, கலப்படம் வேறு. கூட இழுத்த கூட்டாளிகள் ஆளுக்கொரு மாநிலத்தில். ஆள் மாறினானோ இல்லையோ, அவனைச் சுற்றியிருந்த எல்லாமே மாறிவிட்டது.

இராக், ஆஃப்கானிஸ்தான் போய் வந்தவர்களின் கதை பெரும்பாலும் தலைகீழ். முதுகிலோ முழங்காலிலோ அடிபட்டு வந்தவருக்கு டாக்டரே ஆக்சிகோடோன் என்ற வலி மாத்திரையை எழுதிக் கொடுத்தார். பழக்கம் பிடித்த இடம் சொந்த வீட்டுக் குளியலறை அலமாரி. விஸ்கான்சின் மாநிலம் டோமாவில் இருந்த படைவீரர் மருத்துவமனைக்கு 'மிட்டாய் தேசம்' என்றே பட்டப்பெயர் விழுந்திருந்தது. 2015-ல் அது நாடெங்கும் செய்தியானது. அதற்கு முன்பே, 2013-ல், படைவீரர் நலத்துறை மாத்திரை எழுதுவதைக் குறைக்க ஆரம்பித்திருந்தது. குறைத்தது சரி. ஆனால் அத்துறையின் நோயாளிகளை வைத்து 2020-ல் வெளியான ஆய்வு, மாத்திரை நிறுத்தப்பட்டவர்களிடம் அளவு மீறிய மருந்தாலும் தற்கொலையாலும் சாவு கூடியதைக் காட்டியது. இவர்கள் எந்த விமானம் ஏறி எங்கே போய்த் தப்பிப்பார்கள்? வலி உடம்போடு இருக்கிறது, விற்பவன் அடுத்த தெருவில் இருக்கிறான்.

வியட்நாமிலிருந்து திரும்பியவனுக்கு ஊர் தானாக மாறிக் கொடுத்ததை இவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டித்தர வேண்டியிருக்கிறது. கட்டுரையாளர் 'கவுன்சலிங்' என்று ஒரே சொல்லில் ஒதுக்கியது இதைத்தான்.

நான் டாக்டர் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், முன்னாள் படைவீரர்களைக் கிளினிக்குக்கு அழைத்துப் போகும் வேனைத் தன்னார்வமாக ஓட்டுகிறேன். கூப்பன் விஷயத்தை அங்கே வருபவர்கள் வாயாலேயே கேட்டிருக்கிறேன். ஒரு கிண்ணத்தில் 500 சீட்டுகள். சிறுநீர்ப் பரிசோதனை சுத்தமாக வந்தால் சீட்டு எடுக்கலாம். விடாமல் சுத்தமாக வந்தால் எடுக்கும் சீட்டுகள் கூடிக்கொண்டே போகும், ஒருமுறை தவறினால் பழையபடி ஒன்று. பாதிச் சீட்டுகளில் 'சபாஷ்' என்பதுபோல் ஒரு பாராட்டு மட்டும்தான், காசு கிடையாது. மீதியில் பெரும்பாலும் ஒரு டாலர். இருபது டாலர் சில, நூறு டாலர் ஒன்றே ஒன்று. பணமாகத் தருவதில்லை, மருத்துவமனைக் கேன்டீனில் செலவழிக்கும் கூப்பன். நான்ஸி பெட்ரி என்ற உளவியலாளர் வகுத்த இந்த முறையை 2011 முதல் படைவீரர் மருத்துவமனைகள் கையாளுகின்றன. இது முக்கியமாக மெத் (மெத்தாம்பெட்டமின்), கொக்கெயின் போன்ற ஊக்கப் போதைகளின் பழக்கத்துக்கானது. ஆனால் ஹெராயின், ஃபென்டனில், ஆக்சிகோடோன் போன்ற ஓபியாய்டோடு இவையும் சேர்ந்தே வருவது இப்போது சர்வசாதாரணம்.

ஆறடிக்கு மேல் உயரமான ஒரு முன்னாள் மரைன், கேன்டீன் கூப்பனில் வாங்கிய ஒரு ஜோடி சாக்ஸை வேனில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டு வந்தார். 'லஞ்சம்' என்று கட்டுரையாளர் எழுதியது இதைத்தான். நாங்கள் பிள்ளைகளுக்கு முதல் ரேங்குக்கு சைக்கிள் வாங்கித் தந்தபோது யாரும் அப்படிச் சொன்னதாக நினைவில்லை!

கூப்பனை விடப் பெரிய விஷயமாக எனக்குத் தெரிவது சக தோழர் ஏற்பாடு. தானும் படையில் இருந்து, தானும் இந்தப் பழக்கத்தில் விழுந்து எழுந்த ஒருவரைத் துறை சம்பளம் கொடுத்து வேலைக்கு வைக்கிறது. அவர் காலையில் போன் போட்டு 'எழுந்தாச்சா, வேன் வருது' என்பார். வராதவருக்கு மறுபடி போன். டாக்டரிடம் சொல்லக் கூசுவதை இவரிடம் சொல்லிவிடுகிறார்கள். போர்க்கனவுகளுக்கும் இப்போது கூடவே சிகிச்சை தரலாம் என்றாகிவிட்டது. 'முதலில் போதையை விடு, அப்புறம் பார்க்கலாம்' என்று திருப்பி அனுப்பியதெல்லாம் பழைய வழக்கம். கனவுக்குப் பயந்து மாத்திரை போட்டவனிடம் அப்படிச் சொன்னால் அவன் எங்கே போவான்?

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இதெல்லாம் மருந்துக்கு மாற்று இல்லை. ஓபியாய்டு ஏக்கத்தை அடக்கும் புப்ரினார்பினோ மெத்தடோனோதான் முதல் துணை. வெறுமனே சில நாள் அடைத்துவைத்துத் தெளியவைத்து அனுப்பினால், உடம்பு பழைய அளவைத் தாங்காது; அடுத்த முறை எடுக்கும்போது உயிரே போகலாம். கவுன்சலிங்குக்கு வரவில்லை என்பதற்காக மருந்தை நிறுத்துவதும் அதே ஆபத்தில்தான் கொண்டுபோய் விடும். பேச்சு வேண்டாம், மருந்து மட்டும் கொடுங்கள் என்பவருக்கும் மருந்து தர வேண்டும். இதில் என்னோடு வேன் ஓட்டும் நண்பர்களே சிலர் உடன்படுவதில்லை.

நம் பிள்ளைகளிலும் சிலர் இங்கே அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்திருக்கிறார்கள். கட்டுரையில் உதவி எண் எதுவும் இல்லை. அடுத்த இதழில் இதைப் பெட்டிச் செய்தியாகப் போடுங்கள்: முன்னாள் படைவீரர்கள் 988 அழைத்து எண் 1-ஐ அழுத்தலாம், எந்நேரமும். அவர்களுக்காகக் கவலைப்படும் குடும்பத்தாரும் நண்பர்களும் அழைக்கலாம். ஓபியாய்டு அளவு மீறியவரை மீட்கும் நாலோக்சோன் மூக்கு ஸ்ப்ரே மருந்துக்கடையில் டாக்டர் சீட்டு இல்லாமலே கிடைக்கும். வீட்டில் ஒன்று இருக்கட்டும்.

அன்புடன்,
தங்கள் வாசகன்,
டேட்டன், ஒஹாயோ