மூலத்தைத் தொடாமலே வரலாற்று ஆசிரியர்: பாடக்குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு,

வணக்கம். இளங்கலை வரலாற்றுக்குப் பாடத்திட்டம் வகுக்கும் பல்கலைக்கழகப் பாடக்குழுக்களுக்கும், பி.எட். படிப்பில் வரலாறு கற்பித்தல் தாளை வகுக்கிறவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். இரு தரப்பும் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிற மாதிரி தெரியவில்லை. மடலாவது பொதுவாக இருக்கட்டும்.

நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர். ஆண்டுதோறும் பி.எட். பயிற்சி மாணவர்கள் எங்கள் பள்ளிக்கு வருவார்கள். வரலாறு படித்தவர்களைத் தலைமையாசிரியர் என்னிடம் அனுப்பிவிடுவார். 2015இல் பி.எட். இரண்டாண்டுப் படிப்பானதிலிருந்து இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளியிலேயே இருக்கிறார்கள். ஒருவரை நன்றாகப் புரிந்துகொள்ள அது போதுமான காலம். பெரும்பாலோர் நல்ல பிள்ளைகள். நேரத்துக்கு வருகிறார்கள், குரல் எடுக்கிறது, கரும்பலகையில் எழுத்து என்னைவிட அழகு. குறை அவர்களிடம் இல்லை என்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

இளங்கலையில் மூன்று ஆண்டு, பி.எட்.டில் இரண்டு ஆண்டு, ஆக ஐந்து ஆண்டு வரலாற்றோடு இருந்துவிட்டு வருகிறவர்களிடம் நான் ஒரு கேள்வி கேட்பதுண்டு: “ஒரு கல்வெட்டையோ, ஒரு பழைய கடிதத்தையோ, ஒரு அரசாணையையோ முழுசாகப் படித்திருக்கிறீர்களா?” அநேகமாக இல்லை என்றுதான் பதில் வரும். வரலாறு எப்படி எழுதப்படுகிறது என்று சொல்லும் வரலாற்று வரைவியல் தாள் இருந்ததா என்றால், இருந்தது. ஜெர்மன் வரலாற்றாசிரியர் ராங்கே மூல ஆவணங்களை வலியுறுத்தியவர் என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதத் தெரியும். அந்த மூல ஆவணம் எப்படி இருக்கும் என்றுதான் தெரியாது. நீச்சல் பற்றித் தேர்வு எழுதிப் பாஸ் செய்தவர்களை ஆற்றங்கரையில் நிறுத்தி, பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள் என்கிறோம்.

இதனால் வகுப்பில் என்ன குறைகிறது என்று கேட்கலாம். காஞ்சிபுரம் பக்கத்து உத்திரமேரூரை எடுத்துக்கொள்வோம், பயிற்சி மாணவர்கள் விரும்பி எடுக்கிற பாடம் அது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுத்து ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த குடவோலை முறை, ஆயிரம் ஆண்டுக்கு முன்பே மக்களாட்சி, நமக்குப் பெருமை என்று பாடம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பாடநூலில் சில வரிதான் இடம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கல்வெட்டையே படித்த ஒருவர் அந்த வகுப்பை எடுத்தால் நடப்பதே வேறு. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில் 919இல் ஒன்று, 921இல் ஒன்று என அங்கே இரண்டு கல்வெட்டுகள் இருக்கின்றன. முதலாவதில் வாரிய (சபையின் குழு) உறுப்பினருக்கு வயது 30க்கு மேல் 60க்குள். இரண்டே ஆண்டில் அது 35க்கு மேல், 70க்குள் என்று மாறுகிறது. ஏன் மாற்றினார்கள்? முதல் ஏற்பாட்டில் என்ன தகராறு வந்திருக்கும்? ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், மணி அடித்தாலும் எழுந்திருக்க மாட்டார்கள்.

அப்புறம் தகுதிகள். கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும். நிலம் அதில் பாதிதான் என்றால், ஒரு வேதமும் ஒரு பாடியமும் (உரைநூலும்) கற்றிருந்தால் சலுகை உண்டு. அது பிரமதேய ஊர், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர். அந்தச் சபையில் உழுதவருக்கு இடமில்லை, பெண்ணுக்கு இடமில்லை. ஏற்கெனவே வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. அவரோடு அவருடைய அத்தை மக்கள், மாமன், மருமகன் வரை நிற்க முடியாது. இந்த இடத்தில் பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர்கள் ஊரில் யார் யார் நிற்க முடியாமல் போகும் என்று கணக்குப் போடுவார்கள். முன்பு ஒரு பயிற்சி மாணவி, நான் கொடுத்த கல்வெட்டு வாசகத்தை நகலெடுத்து வகுப்பில் கொடுத்தார். “அப்போ இது மக்களாட்சியா இல்லையா மிஸ்?” என்று ஒரு பையன் கேட்டான். அவர் பதில் சொல்லாமல், தகுதிப் பட்டியலை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். அன்று வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. பெருமையும் குறையவில்லை, உண்மையும் கெடவில்லை.

கீழடியிலும் இதே கதைதான். “2,600 வருஷம்னு எப்படி சார் சொல்றாங்க?” என்று கேட்காத வகுப்பே இல்லை. 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரித்துண்டை ஆய்வகத்தில் காலக்கணிப்பு செய்ததில் பொ.ஆ.மு. (கி.மு.) 580 என்று வந்தது, அதை 2019இல் மாநிலத் தொல்லியல் துறை அறிக்கையாக வெளியிட்டது என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். கரியில் எப்படிக் காலம் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும், அறிவியல் ஆசிரியரையும் கூப்பிட்டுக்கொள்ளலாம். “கண்டுபிடிச்சிருக்காங்க, குறிச்சுக்கோ” என்பது விடை ஆகாது.

 

பி.எட். தரப்புக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. செய்முறைத் தேர்வுக்குக் கமிஷன் (தேர்வாளர் குழு) வருகிறது என்றால் எங்கள் பள்ளி வராந்தா முழுக்கத் தெர்மாகோல். தஞ்சைப் பெரிய கோயில் மாடல் ஒன்றுக்கு இந்தப் பிள்ளைகள் செலவழிக்கும் பணத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பாதிப் பேர் அதை ஃபேன்சி ஸ்டோரில் ஆர்டர் கொடுத்துச் செய்கிறார்கள். அதே கோயில் சுவரில் இராசராசன் குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் (கோயில் ஆடல் மகளிர்) 400 பேரின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தச் சிறகில் (தெரு வரிசையில்) எத்தனையாவது வீடு என்பதெல்லாம் வெட்டப்பட்டிருக்கிறது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் கல்வெட்டு அறிஞர் ஹுல்ஷ் பதிப்பித்தது அச்சில் இருக்கிறது. அதில் ஒரு பக்கத்தை நகலெடுக்க இரண்டு ரூபாய் ஆகுமா? அந்தப் பெயர்களைப் பிள்ளைகள் வாசித்தால், கோயில் என்பது கோபுரம் மட்டுமல்ல, அங்கே ஆள்கள் குடியிருந்தார்கள், சம்பளமாக நெல் வாங்கினார்கள் என்று தெரியும்.

வசதி இல்லை என்பீர்கள். கல்லூரியிலிருந்து எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு எல்லாரையும் கூட்டிப்போக முடியாதுதான், சரி. ஆனால் கல்வெட்டுத் தொகுதிகளும் தொல்லியல் துறை வெளியீடுகளும் பல இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு தமிழிலேயே இருக்கிறது. 1736 முதல் புதுச்சேரியில் நடந்ததைப் பேச்சுத் தமிழ் மணக்க எழுதி வைத்திருக்கிறார். தமிழ்வழி மாணவர்களுக்கு மூலம் கிடைக்காது என்ற சாக்கு அங்கேயே செத்துப்போகிறது. தருமபுரி, செங்கம் பக்கம் கல்லூரி என்றால் இறந்த வீரர்களுக்கு எடுத்த நடுகற்கள் வழியிலேயே நிற்கின்றன.

எதுவுமே இல்லையென்றால் பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேடு இருக்கிறது. எங்கள் பள்ளியின் பழைய பதிவேட்டை நான் பயிற்சி மாணவர்களிடம் கொடுப்பேன். அப்பா தொழில், எந்த வகுப்பில் நின்றான், நின்றதற்குக் காரணம் எல்லாம் மசியில் எழுதியிருக்கிறது. எந்த ஆண்டு முதல் பெண் பிள்ளை சேர்ந்தாள், எந்தத் தெருவிலிருந்து யாருமே வரவில்லை என்று எண்ணிப் பார்க்கச் சொல்வேன். இன்றைக்கும் ஊரில் இருக்கிற குடும்பங்கள் என்பதால் சாதி, பெயர் விஷயத்தில் எதை வகுப்பில் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதையும் அங்கேயே பேச வேண்டியிருக்கும். அதுவும் வரலாற்றுப் பயிற்சியில் சேர்த்திதான்.

ஆசிரியர் தகுதித் தேர்வைக் காரணம் காட்டுவீர்கள் என்பதும் தெரியும். 150 மதிப்பெண்ணில் சமூக அறிவியலுக்கு 60, எல்லாமே நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். பிளாசி 1757, பக்சார் 1764 என்று மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். அந்தத் தேர்வு உங்கள் கையில் இல்லை. உங்கள் கையில் இருப்பதை மட்டும் கேட்கிறேன்.

இளங்கலையில் ஒரு பருவத்துக்கு ஒரு தாள், நான்கைந்து மூலங்கள் மட்டும். மாணவரே படித்து, எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், எதை விட்டுவிட்டார் என்று எழுத வேண்டும். கைடு போட முடியாதபடி மூலங்களை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பி.எட்.டில், பாடக்குறிப்பு ரெக்கார்டில் ஐந்தில் ஒன்றாவது மூலத்தை வைத்து நடத்திய பாடமாக இருக்கட்டும், கமிஷனில் அதைப் பற்றியே முதல் கேள்வி வரட்டும். மாடலுக்குத் தரும் மதிப்பெண்ணை இதற்கு மாற்றினால் போதும், புதிதாக எதுவும் ஒதுக்க வேண்டாம்.

உத்திரமேரூர் வகுப்புக்கு நாங்கள் பயன்படுத்திய நகல்களும், பிள்ளைகள் கேட்ட கேள்விகளின் தொகுப்பும் என்னிடம் இருக்கின்றன. பாடக்குழுக் கூட்டத்துக்கு ஒரு பள்ளி ஆசிரியரை அழைப்பதில் தடை இல்லையென்றால், சனிக்கிழமையாகப் பார்த்து வையுங்கள், எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஒருவர்