வில்லங்கம் எங்கே போகிறது? வரி ஏலத்தில் வீடு எடுக்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவின் புளோரிடாவில், சொத்துவரி பாக்கிக்காக விடும் ஏலத்தில் வீடும் மனையும் எடுக்கும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். கடந்த சில மாதங்களில் உங்களில் நாலைந்து பேராவது என்னைக் கூப்பிட்டு ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். "அண்ணா, பதினோராயிரம் டாலருக்கு ஒரு வீடு வருது, மேல பேங்க் அடமானம் இருக்கு. ஏலத்துல எடுத்துட்டா அது அடிபட்டுப் போயிடுமா?" பதிவேடுகளைத் துழாவி வில்லங்கம் பார்ப்பதுதான் என் பிழைப்பு என்பதால் கேட்கிறீர்கள். தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால்தான் இந்த மடல்.

அடமானம் போய்விடும், உண்மைதான். சொத்துவரி பாக்கி எல்லாக் கடனையும் முந்திக்கொண்டு வரிசையின் முதலில் நிற்கும். வங்கி பத்து வருடம் முன்பே பதிந்திருந்தாலும் அதற்குப் பின்னால்தான். முறைப்படி ஏலம் விட்டு டேக்ஸ் டீட் (ஏலத்தில் எடுத்தவர் பெயருக்கு எழுதும் பத்திரம்) எழுதிக் கொடுத்ததும், வங்கியின் அடமானம், கிரெடிட் கார்டு கம்பெனி வாங்கிய தீர்ப்பு எல்லாம் அந்த நிலத்தை விட்டு விலகிவிடும். தமிழ்நாட்டில் 1864-ஆம் ஆண்டின் வருவாய் வசூல் சட்டமும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது: தீர்வை பாக்கிக்கு ஏலம் போகும் நிலம் வில்லங்கம் நீங்கித்தான் போகும். ஜப்தி, ஏலம் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது பழகிய சங்கதி. பழகியதாகத் தோன்றுவதால்தான் மிச்சத்தை யாரும் படிப்பதில்லை.

புளோரிடா சட்டத்தின் 197.552-ஆம் பிரிவை ஒரு தடவை முழுதாகப் படியுங்கள். டேக்ஸ் டீடுக்குப் பிறகு எந்த உரிமையும் பிழைக்காது என்று தொடங்கும் வாக்கியம் பாதியில் திரும்பிக்கொள்கிறது. நகராட்சி, கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) போன்ற உள்ளாட்சி அமைப்புகள் பதிந்து வைத்த லியன், அதாவது பாக்கிக்காகச் சொத்தின் மேல் வைக்கும் பிடி, ஏலப் பணத்தில் தீராவிட்டால் பிழைத்திருக்கும். எதன் மேல்? நீங்கள் எடுத்த வீட்டின் மேல்.

போன வருடம் ஒரு தம்பி இப்படித்தான் மாட்டினான். பூட்டிக் கிடந்த வீடு, புல் இடுப்பளவு, நீச்சல் குளத்தில் பாசி. விதிமீறலுக்கு நகராட்சி நாளொன்றுக்கு 250 டாலர் அபராதம் போட்டு, அதை வீட்டின் மேல் லியனாகவும் பதிந்திருந்தது. முதல் மீறலுக்குப் பொதுவாகச் சட்டம் அனுமதிக்கிற தொகைதான் அது, அநியாயம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு வருடம் ஓடினால் 91,250 டாலர். வரி பாக்கி போக மிஞ்சும் ஏலப் பணம் முதலில் இந்த அரசு லியன்களுக்குத்தான் போகும். அதற்குப் பிறகுதான் வங்கி, கடைசியில் பழைய உரிமையாளர். தம்பி கெட்டிக்காரத்தனமாக அடிமட்ட விலைக்கு எடுத்திருந்தான், மிச்சம் என்று பெரிதாக எதுவும் இல்லை. எவ்வளவு மலிவாக எடுக்கிறோமோ, அவ்வளவு அபராதம் நம்மோடு வீட்டுக்குள் வரும். இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லிக் கொடுக்கிற மாதிரி தெரியவில்லை.

பக்கத்து வீட்டுக்காரருக்கு உள்ள பாதை உரிமையும் அப்படியே இருக்கும். மத்திய வருமான வரித்துறையின் லியன் இருந்தால் அது தனிக் கதை. ஏலத்துக்கு 25 நாள் முன்பாவது அவர்களுக்கு எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டு, அவர்கள் முன்பே பதிந்தும் வைத்திருந்தால் லியன் அசையாது. சொல்லியிருந்தாலும், ஏலம் முடிந்து 120 நாளுக்குள் பணத்தைக் கொடுத்து வீட்டை மீட்டுக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. அந்த நாலு மாதம் சமையலறையை இடித்துக் கட்டாதீர்கள்.

அப்புறம், டெக்சஸ், பென்சில்வேனியா என்று பட்டியல் அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புளோரிடா கணக்கு அங்கே செல்லாது. பென்சில்வேனியாவில் அப்செட் சேல் என்ற முதல் ஏலத்தில் எடுத்தால் அடமானமும் சேர்ந்தே வரும். அங்கே விலை போகாமல் நீதிமன்ற ஏலத்துக்குப் போனால்தான் அதெல்லாம் கழியும். டெக்சஸில் ஒருவர் குடியிருக்கும் சொந்த வீடென்றால், அவர் இரண்டு வருடத்துக்குள் கூடுதல் தொகை கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

சரி, எல்லா மாநிலத்துக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது. தபால். அடமானம் கழிந்துவிடும் என்று மேலே சொன்னதெல்லாம், யாருடைய உரிமை கழிகிறதோ அவருக்குத் தகவல் போயிருந்தால்தான்.

இண்டியானாவின் எல்கார்ட் கவுண்டியில் 1977-இல் ஒரு வீட்டை வரி பாக்கிக்கு 1,167 டாலர் சொச்சத்துக்கு விற்றார்கள். கோர்ட் சுவரில் ஒட்டினார்கள், செய்தித்தாளில் போட்டார்கள், உரிமையாளருக்குத் தபாலும் அனுப்பினார்கள். அந்த வீட்டின் மேல் கடன் கொடுத்து அடமானம் பிடித்திருந்த மென்னோனைட் என்ற கிறிஸ்தவ சபையின் அமைப்புக்கு மட்டும் ஒரு கடுதாசி போகவில்லை. வீட்டுக்காரரோ எதுவும் சொல்லாமல் தவணையைக் கட்டிக்கொண்டே இருந்தார். மீட்கும் கெடு முடிந்த பிறகுதான் சபைக்கு விஷயம் தெரிந்தது. பதிவேட்டில் பெயர் இருக்கும் அடமானக்காரருக்கு நேரிலோ தபாலிலோ சொல்லியாக வேண்டும் என்று 1983-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அடுத்த கேள்வி, தபால் திரும்பி வந்தால்? ஆர்கன்சாவின் லிட்டில் ராக்கில் ஒருவர் முப்பது வருடம் அடமானத் தவணை கட்டி முடித்தார். அதுவரை வரியைக் கடன் கம்பெனியே கட்டி வந்தது. கடன் தீர்ந்ததும் வரி நின்றுபோனது. இதில் ஒரு விதியின் குசும்பு இருக்கிறது. மனைவியைப் பிரிந்து அவர் வேறு இடத்தில் இருந்ததால், மாநிலம் அனுப்பிய பதிவுத் தபால் இரண்டு தடவையும் வாங்க ஆளில்லாமல் திரும்பியது. வீட்டை விற்றுவிட்டார்கள். கடிதம் திரும்பி வந்தது தெரிந்தும் வேறு முயற்சி செய்யாமல் விற்றது தவறு என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதனால்தான் பெரும்பாலான டைட்டில் இன்சூரன்ஸ் (சொத்துரிமையில் குறை கிளம்பினால் ஈடுகட்டும் காப்பீடு) கம்பெனிகள், டேக்ஸ் டீடை மட்டும் வைத்துக்கொண்டு பாலிசி தரத் தயங்குகின்றன. முதலில் வழக்குப் போட்டு உரிமையை உறுதி செய்து வா என்கின்றன. அந்த வழக்குச் செலவையும் ஏல விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. லியன் போனால் கடனும் போச்சு என்று பேசுகிறோம், அது நமக்குத்தான். மினியாபொலிஸில் ஜெரல்டின் டைலர் என்ற 94 வயது மூதாட்டியின் வீடு, சுமார் 15,000 டாலர் பாக்கிக்காகக் கவுண்டியிடம் போய் 40,000-க்கு விற்கப்பட்டது. மீதி 25,000-ஐயும் கவுண்டியே வைத்துக்கொண்டது. வீட்டின் மேல் அதைவிடப் பெரிய அடமானம் இருந்தது, அந்தப் பணம் அவருக்கு எப்படியும் கிடைத்திருக்காது என்று கவுண்டி வாதாடிப் பார்த்தது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வீட்டை விட்டு லியன் நீங்கினாலும் கடன் அவர் தலையில்தானே இருக்கிறது, மீதிப் பணம் வந்திருந்தால் அதையாவது அடைத்திருப்பார் என்றது. 2023 மே 25 அன்று வந்த ஒருமனதான தீர்ப்பு. பைபிள் வசனத்தைத் தொட்டு, இராயனுடையதை இராயனுக்குக் கொடுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம் என்று தலைமை நீதிபதி எழுதினார்.

ஆகவே புளோரிடாவில் நீங்கள் எடுக்கும் வீட்டின் பழைய உரிமையாளரிடம், மீதிப் பணம் ஏலத்தை நடத்திய கிளார்க் அலுவலகத்தில் இருந்தால் அதைச் சொல்லுங்கள். அந்தப் பணத்தைக் கேட்க மற்றவர்களுக்கு, நோட்டீஸ் அனுப்பிய நாளிலிருந்து 120 நாள்தான் கெடு, அவருக்கு அந்தக் கெடு கிடையாது. விண்ணப்பத்தை அவரே கொடுக்கலாம். அதற்கும் கமிஷன் பேசிக் கையெழுத்து வாங்கும் யோசனை உங்களில் சிலருக்கு இருப்பது எனக்குத் தெரியும். என்னைக் கேட்டால், அசிங்கம்.

அடுத்த தடவை கூப்பிடுமுன் கிளார்க் அலுவலகத்தில் அந்த ஏலக் கோப்பைத் திறந்து, யார் யாருக்கு நோட்டீஸ் போயிருக்கிறது, எந்த உறை திரும்பி வந்திருக்கிறது என்று பாருங்கள். நகராட்சியில் அபராதத்தின் இன்றைய கணக்கைக் கேளுங்கள். இரண்டையும் படம் எடுத்து அனுப்பினால் அன்றைக்கே பார்த்துச் சொல்கிறேன். விலையை மட்டும் அனுப்பினால் போனை எடுக்க மாட்டேன்.

அன்புடன்,
வில்லங்கம் பார்க்கும் உங்கள் நண்பன்