அடிப்பொடி வேறு, அல்லக்கை வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் அரசியல் கட்டுரையில், ஒரு மாவட்டப் பிரமுகருக்குக் கார்க் கதவு திறந்துவிடும் கூட்டத்தை 'அடிப்பொடிகள்' என்று எழுதியிருந்தீர்கள். காரைக்குடிக்காரனான எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊரில் அடிப்பொடி என்றால் ஒருவர்தான்: 1939இல் கம்பன் கழகத்தைத் தொடங்கிய சா. கணேசன். தம்மைக் கம்பன் அடிப்பொடி என்று சொல்லிக்கொண்டவர். 1962இல் சுதந்திராக் கட்சி சார்பில் சட்டமன்றத்துக்கும் போனார்.

அவருக்கு முன்னோடி தொண்டரடிப்பொடி ஆழ்வார். 'பச்சைமாமலைபோல் மேனி' பாடிய அதே ஆழ்வார்தான். திருவரங்கத்தில் நந்தவனம் வைத்து மாலை கட்டிக் கொடுத்தவர், பெருமாளின் பாதத்தூள் என்றுகூடத் தம்மைச் சொல்லிக்கொள்ளவில்லை. அவனுடைய தொண்டர்களின் பாதத்தூள் என்றார். அடிப்பொடி என்பது ஒருவர் தாமே விரும்பிச் சூடிக்கொள்ளும் பெயர். அடுத்தவர் மேல் அதை ஒட்டினால் வசவாகிவிடுகிறது.

அடியார், அடியாள் கதையும் இப்படித்தான். 'அடியார்க்கும் அடியேன்' என்று சுந்தரர் பாடினார். கடைசி எழுத்து ஒன்று மாறியதும் திருநீறு போய் உருட்டுக்கட்டை வந்துவிட்டது. (அடியாளில் உள்ள அடி, காலா உதையா என்று என்னைக் கேட்காதீர்கள். ஆளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.)

உங்கள் கட்டுரைக்கு வேண்டியிருந்த சொல் அல்லக்கை. பேச்சுவழக்கு என்று தயங்கினீர்களோ? தலைவர் சிரிக்கத் தொடங்குமுன்பே சிரித்துவிடுகிறவனுக்கு அதைவிடப் பொருத்தமாக வேறு சொல் இல்லை. ஏவியதைச் செய்தால் கைத்தடி. வாய் மட்டும் வேலை செய்தால் ஜால்ரா. இந்தக் காலத்துப் பிள்ளைகள் 'சொம்பு' என்று சுருக்கமாக முடித்துவிடுகிறார்கள்.

என் உண்மையான வருத்தம் கடைசிப் பத்தியில். அதே ஆட்களை 'எடுபிடிகள்' என்றும் எழுதிவிட்டீர்கள். பதினாறு வயதில் மூன்று வருடம் கல்யாணச் சமையலில் எடுபிடியாக இருந்தவன் நான். விடிகாலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டவேண்டும். நாற்பது தேங்காய் துருவவேண்டும். சாம்பார் அண்டாவை ஆளுக்கொரு பக்கமாகச் சாக்குத்துணி போட்டுப் பிடித்து இறக்கவேண்டும். மாஸ்டர் அடுப்பிலிருந்து திரும்பாமல் கையை மட்டும் நீட்டுவார். அதில் வைக்கவேண்டியது ஜல்லிக்கரண்டியா குழிக்கரண்டியா என்பது சொல்லாமலே தெரிந்திருக்கவேண்டும். தப்பாக வைத்தால் அந்தக் கரண்டியே முதுகில் விழும். ஒருநாள் ரசத்துக்கு உப்புப் பார்க்கச் சொன்னார். அன்றைக்கு எனக்குப் பதவி உயர்வு.

எடு, பிடி இரண்டுமே வேலை. நீங்கள் எழுதிய ஆட்கள் எதையும் எடுப்பதில்லை. பிடிப்பது காலை மட்டும். அவர்களுக்கு முதல் பந்தியிலேயே இலை போட்டுவிடுவார்கள். எங்களுக்கு, பந்தியெல்லாம் முடிந்து அண்டா கழுவிய பிறகுதான்.

இப்படிக்கு,
காரைக்குடி வாசகர்