தாத்தாவின் போர்க்களக் கடிதங்களைக் காத்துத் தந்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். இரண்டாம் உலகப் போரில் மதராஸ் சாப்பர்ஸ் என்ற இராணுவப் பொறியாளர் படைப்பிரிவின் 12ஆவது ஃபீல்டு கம்பெனியில் பணியாற்றிய எங்கள் தாத்தா, வட ஆப்பிரிக்காவிலிருந்தும் பின்னர் இத்தாலியிலிருந்தும் பாட்டிக்கு எழுதிய கடிதங்கள், இப்போது தேதிவாரியாக அடுக்கப்பட்டுப் படியெடுக்கப்பட்டுள்ளன. இதற்குத் துணைநின்ற அனைவருக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி தெரிவித்துக்கொள்கிறோம்.

முதல் நன்றி எங்கள் பெரியம்மாவுக்கு. வீடு மாறிய போதெல்லாம் டிரங்குப் பெட்டியை விடாமல் கூடவே எடுத்துச் சென்ற அவர், ஒரு கடிதத்தைக்கூட அதன் உறையிலிருந்து பிரிக்கவில்லை.

அதன் அருமையை விளக்கியவர் வேலூரைச் சேர்ந்த தபால்தலைச் சேகரிப்பாளர். படை எங்கே நிற்கிறது என்பது வெளியே தெரியாதிருக்க, களத் தபால் நிலைய முத்திரையில் ஊர்ப்பெயர் இராது, எண் மட்டுமே இருக்கும் என்றும், அந்த எண்ணையும் தேதியையும் பட்டியலோடு ஒப்பிட்டால் இடம் தெரிந்துவிடும் என்றும் அவர் காட்டினார். 1944 பிப்ரவரியில் வந்த கடிதத்தில் மழை ஓயவில்லை, மணியார்டர் வந்ததா, பசு கன்று ஈன்றதா என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. தாத்தாவின் கம்பெனி இடம்பெற்றிருந்த நான்காவது இந்திய டிவிஷன் இத்தாலியின் மோண்டே காசினோவில் போரிட்ட நாள்களில் அது எழுதப்பட்டது என்பதை உறைதான் சொன்னது. பெரிய தளங்களின் முத்திரைகள் மலிவு, சில மாதங்களே இயங்கிய நிலையங்களுடையவை கூடுதல், போர்க்கைதிகளின் தபால் பெரும்பாலும் அதனினும் கூடுதல் என்று விலை நிலவரத்தை ஒளிவுமறைவின்றிச் சொன்ன அவரே, உறையை மட்டும் தனியே விற்றுவிடாதீர்கள் என்றும் தடுத்தார். தமக்குக் கிடைக்கக்கூடிய பொருளை வேண்டாம் என்று சொல்லும் சேகரிப்பாளர்கள் அரிது.

கடிதங்களில் பல காப்பியிங் பென்சிலால் எழுதப்பட்டவை. ஈரம் பட்டால் அந்த எழுத்து ஊதாவாகக் கரைந்து பரவிவிடும். லேமினேஷன் கூடவே கூடாது என்று எச்சரித்து, துருவேறிய குண்டூசிகளைத் தாள் கிழியாமல் கழற்றி, மடிப்புகளை நீர் தொடாமலே நிமிர்த்தி, பாலியெஸ்டர் உறைகளில் இட்டுத் தந்த சென்னை ஆவணப் பாதுகாப்பாளர் அம்மையாருக்கு நாங்கள் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம். பேருந்துக் கட்டணம்கூட அவர் பெற்றுக்கொள்ளவில்லை.

புள்ளியின்றிச் சேர்த்தெழுதிய தாத்தாவின் கையெழுத்தைப் படித்துத் தந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா, பேச்சுவழக்கையும் பிழைகளையும் திருத்தாமல் உள்ளவாறே படியெடுத்தார். முதல் உலகப் போரில் பிரான்சிலிருந்து இந்திய வீரர்கள் எழுதியவற்றுள் இன்று நாம் படிப்பவை பெரும்பாலும் தணிக்கையாளர்கள் ஆங்கிலத்தில் பெயர்த்து வைத்த பகுதிகளே என்பதால், வீரரின் சொந்தக் கையெழுத்தில், சொந்தத் தமிழில் உள்ளதைத் தொடக் கூடாது என்பது அவர் உறுதி. ஒரு கடிதத்தில் தணிக்கை அதிகாரி பிளேடால் வெட்டியெடுத்த இரண்டு வரிகளை ஊகித்து நிரப்பலாமா என்று கேட்டோம். படியிலும் அந்த இடத்தை வெற்றாகவே விட்டுவிட்டார்.

மூலக் கடிதங்கள் பெரியம்மாவின் பொறுப்பிலேயே இருக்கும். அதே கம்பெனியில் பணியாற்றியவர்களின் குடும்பத்தார் விரும்பினால் படிகளை அனுப்பிவைக்கிறோம். தாத்தா குறிப்பிடும் தோழர்களுள் சிலர் அவர்கள் வீட்டுப் பெரியவர்களாகவும் இருக்கக்கூடும்.

நன்றியுடன்,
பேரப்பிள்ளைகள்