சிரட்டையைக் கவிழ்த்துக் காட்டியதுபோல் இதையும் சொல்லித் தாருங்கள்

கன்னியாகுமரி மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்களுக்கும், மாவட்டப் பொதுச் சுகாதாரத் துறை அலுவலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

விளவங்கோடு, கிள்ளியூர்ப் பகுதிகளிலும், சில ஆண்டுகள் குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களிலும் கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். பால்வினைத் தொற்றுகளைப் பற்றி நம் மக்களுக்கு நாம் சொல்லித்தரும் முறையில் ஒரு பெருங்குறை இருப்பதாக எனக்குப் படுகிறது. நோய் இருந்தால் உடம்பு காட்டிக்கொடுத்துவிடும் என்று பெரும்பாலோர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை தவறு என்பதை அவர்கள் மனத்தில் பதியும்படி நாம் இதுவரை சொல்லவில்லை.

முந்திரி ஆலையில் பருப்பு உடைக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணை நினைத்துக்கொள்கிறேன். இரண்டு முறை கருவுற்று, இரண்டு முறையும் ஏழாம் எட்டாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. வீட்டார் நேர்ச்சை போட்டார்கள். அக்கம்பக்கத்தார் அவளைச் சுபகாரியங்களுக்கு அழைப்பதை நிறுத்தினார்கள். மூன்றாம் முறை கருவுற்றபோதுதான் இரத்தப் பரிசோதனையில் சிபிலிஸ் என்னும் பால்வினை நோய் தெரியவந்தது. முந்தைய இரண்டு கர்ப்பத்திலும் அவள் காட்டிய இடத்தில் அந்தப் பரிசோதனையை யாரும் செய்திருக்கவில்லை. முந்திரி நெய் பட்டுக் கறுத்துப்போன விரல்களைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு, "எனக்கு ஒரு புண்ணும் இல்லியே சிஸ்டர், பின்ன எப்படி?" என்று கேட்டாள். பென்சிலின் ஊசியில் தீரக்கூடிய நோய் அது. வாரத்துக்கு ஒன்றாக மூன்று ஊசிகள் போட்டோம். கொச்சியிலிருந்து படகேறிப் போயிருந்த கணவர் கரைக்கு வரும்வரை காத்திருந்து, அவரையும் சம்மதிக்கவைத்து மருத்துவம் செய்ததும் பெரும்பாடாக இருந்தது. ஒருவருக்கு மட்டும் மருந்து கொடுத்தால் மற்றவரிடமிருந்து தொற்று திரும்பிவரும் என்பதை அவருக்குப் புரியவைக்க மூன்று முறை வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. மூன்றாம் குழந்தை உயிரோடு பிறந்தது. முதல் இரண்டும் இழந்திருக்க வேண்டியவை அல்ல என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

அவள் கேட்ட கேள்விக்கான விடையைத்தான் ஊரெங்கும் சொல்ல வேண்டும் என்கிறேன். சிபிலிஸ் தொற்றிய சில வாரங்களில் வரும் புண் வலிக்காது. பெண்ணுக்கு அது உள்ளே இருந்தால் கண்ணில் படவும் படாது. மருந்தே போடாவிட்டாலும் மூன்று முதல் ஆறு வாரங்களில் தானாக ஆறிவிடும். புண் ஆறியவுடன் நோயும் போய்விட்டது என்று நினைப்பது மனித இயல்பு. கிருமியோ இரத்தத்தில் இருந்துகொண்டு, பிறகு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பாக வெளிப்பட்டு, அதுவும் அடங்கி, ஆண்டுகள் பல கழித்து இதயத்தையும் மூளையையும் தாக்கலாம்; அதற்குள் கருவிலிருக்கும் குழந்தைக்கும் போயிருக்கலாம். வெட்டை நோய் என்று நம் மூத்தோர் சொல்லும் கொனோரியாவும், கிளமிடியாவும் பெண்களுக்குப் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமலே இருந்து கருக்குழாயைக் கெடுத்துவிடக்கூடும். பிள்ளையில்லை என்று கோயில் கோயிலாக, மருத்துவமனை மருத்துவமனையாக அலையும் தம்பதியருள் சிலருக்குக் காரணம் இதுவாக இருக்கக்கூடும். எச்.ஐ.வி. பல ஆண்டுகள் வெளியே தெரியாமல் இருக்கும் என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

இந்தக் கருத்து நம் மக்களுக்குப் புரியாத ஒன்று என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவுடன் தமிழ்நாட்டில் முதலிடத்தில் நின்ற மாவட்டம் இது. 2020இல் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோக்கள் தெருத்தெருவாக வந்து, காய்ச்சலோ இருமலோ இல்லாதவரிடமிருந்தும் கொரோனா தொற்றும் என்று சொன்னபோது, கடற்கரையில் மீன் விற்கும் பாட்டிகூட அதைப் புரிந்துகொண்டார். டெங்குவிலும் அப்படித்தான். ரப்பர் தோட்டங்களில், பால் வடியும் சிரட்டையில் தேங்கிய மழைநீரை வெள்ளைத் தட்டில் ஊற்றி, துள்ளும் கொசுப்புழுவை டார்ச் வெளிச்சத்தில் காட்டிய பிறகே பால் வெட்டும் தொழிலாளிகள் வெட்டில்லாத நாளில் சிரட்டையைக் கவிழ்த்துவைக்கத் தொடங்கினார்கள். அதற்கு முன் நாங்கள் ஒட்டிய சுவரொட்டிகளை அவர்கள் படிக்காமல் இல்லை. புழுவைப் பார்த்த பிறகுதான் நம்பினார்கள். பால்வினைத் தொற்று எப்படி நடக்கிறது, எவ்வாறு மறைந்திருக்கிறது என்பதை மட்டும் நாம் அவ்வாறு விளக்கியதில்லை.

உலக எய்ட்ஸ் நாளான டிசம்பர் 1 வந்தால் பேரணியும் மனிதச் சங்கிலியும் நடக்கின்றன. அவற்றைக் குறை கூற எனக்கு மனமில்லை. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் முயற்சியால் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டறியப்பட்டதும், 1994இல் நாட்டிலேயே முதலாவதாக நம் மாநிலம் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைத்ததும் நாம் பெருமைப்பட வேண்டியவை. புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்று விழிப்புணர்வு விளம்பரம் சுவரெல்லாம் கேட்ட காலத்தில், வீட்டுக்குள் பேசாத பேச்சைத் தெருவில் பேசவைத்தோம். எனினும் அன்று ஊட்டிய அச்சம் தங்கிவிட்டது. அதற்குப் பின் வந்த நல்ல செய்தி போய்ச் சேரவில்லை. எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து 2004 முதல் இலவசமாகக் கிடைக்கிறது என்பதையும், அதை ஒழுங்காக உட்கொண்டு இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அந்நிலையிலேயே நீடித்தால் உடலுறவின் வழியே பிறருக்குத் தொற்றாது என்பதையும் எத்தனை பேர் அறிவார்கள்? கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்.பி.வி. வைரஸுக்குத் தடுப்பூசி உண்டு, 9 முதல் 14 வயதுக்குள் போடுவது நல்லது என்று சொன்னால், படித்த தாய்மாரே "அதெதுக்கு இந்த வயசில?" என்று திகைக்கிறார்கள்.

பரிசோதனைக்கு வருவோர் படும் பாட்டையும் சொல்லியாக வேண்டும். நான் கண்ட ஒரு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தின் கதவு, மருந்து வாங்கும் வரிசைக்கு நேர் எதிரே, சிவப்பு ரிப்பன் படத்தோடு இருந்தது. ஓ.பி. சீட்டை நான்காக மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, வரிசை கலையட்டும் என்று தூண் ஓரம் ஒரு மணி நேரம் நின்ற இளைஞரைப் பார்த்திருக்கிறேன். வரிசை கலையவில்லை, அவர் போய்விட்டார். அவரைப் போன்றவர்களை எதிர்பார்த்துத்தான் பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவர்களில், மாதத்தின் இன்ன தேதியில் இன்ன விடுதியில் வைத்தியர் வருகிறார் என்ற தாள்கள் ஒட்டப்படுகின்றன. ஒப்புதல் இல்லாமல் எச்.ஐ.வி.க்குப் பரிசோதிக்கவோ, முடிவைப் பிறரிடம் வெளியிடவோ கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அந்தப் பாதுகாப்பையும், பால்வினைத் தொற்றுகளுக்கு இலவச மருத்துவம் தரும் சுகவாழ்வு மையம் எங்கே இருக்கிறது என்பதையும், 1097 என்ற இலவசத் தொலைபேசி எண்ணையும் அதே கழிப்பறைச் சுவர்களில் நாமும் எழுதிவைக்கலாமே.

காலமும் இடமும் பார்த்துப் பேசினால் பாதி வேலை முடியும். சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. வாரக்கணக்கில் ஆழ்கடலில் இருக்கும் ஆண்கள் வீட்டில் இருக்கும் காலம் அதுவே. வலை பின்னும் கூடத்தில் ஆணுக்கு ஆண் பேசட்டும். முந்திரி ஆலைகளில் உணவு இடைவேளையில் பெண்ணுக்குப் பெண் பேசட்டும். திருமணத்துக்கு ஆயத்தமாகும் இளையோருக்குத் தேவாலயப் பங்குகளில் நடக்கும் வகுப்புகளிலும், ஜமாஅத்துகளிலும், ஊர்ச் சமுதாயக் கூட்டங்களிலும் இடம் கேட்டுப் பாருங்கள். மரியாதையோடு கேட்டபோது எனக்கு ஒருமுறையும் கதவு அடைக்கப்படவில்லை. பள்ளியில் உயிரியல் எடுக்கும் பிள்ளைகள் இதைப் பாடமாகவேனும் படிக்கிறார்கள். வணிகவியல் பிரிவுப் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. ஒன்றே ஒன்றை மன்றாடிக் கேட்கிறேன்: மீனவர் என்றோ, வளைகுடா சென்று வந்தவர் என்றோ, வடமாநிலத் தொழிலாளி என்றோ எவரையும் தனியே பிரித்து நிறுத்திப் பேசாதீர்கள். விரல் சுட்டப்படுகிறது என்று தெரிந்தால் அந்தக் கூட்டத்துக்கு மறுமுறை யாரும் வரமாட்டார்கள்.

வரும் தடைக்காலத்தில் ஒரேயொரு கடற்கரை ஊரில் இதைத் தொடங்கிப் பார்க்கலாம். யாரை அனுப்புவது என்று தயங்கினால், இனயம் முதல் நீரோடி வரை வீடு வீடாக ஏறி இறங்கிப் பழகிய எனக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள். ஊதியம் எதுவும் வேண்டியதில்லை. பரிசோதனை அட்டைகளை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வக நுட்பநர் உடன் வந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர்,
கிள்ளியூர் வட்டம்