எங்கள் பிள்ளைகளை அளந்தவர்கள் அளந்து கண்டதையும் சொல்ல வேண்டும்: பொதுச் சுகாதாரப் பட்டப்பின் படிப்பு மாணவர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

பொதுச் சுகாதாரத்தில் பட்டப்பின் படிப்பை மேற்கொள்ளும் நீங்கள் சங்கமாக ஒன்றுகூடியிருப்பதனால், தனி மாணவர் எவருக்கும் எழுதாமல் உங்கள் எல்லோருக்குமாக இந்த மடலை எழுதுகிறேன். இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் ஆய்வுக்காகத் தகவல் திரட்டும் உங்கள் உறுப்பினர் ஒவ்வொருவரும், அந்த ஆய்வில் கண்டதைத் தமிழில் எழுதி, தகவல் கொடுத்த தோட்டத்து மக்களிடமே திரும்பக் கொண்டுவந்து சொல்ல வேண்டும் என்பதை உங்கள் சங்கம் ஒரு விதியாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் சிறுவர் அபிவிருத்தி நிலையத்தின் பொறுப்பாளராக நான் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். எங்கள் சனம் இதை இன்றும் பிள்ளைக்காம்பரா என்றுதான் சொல்லும். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் விட்டுச் செல்லும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும், மாதந்தோறும் அவர்களை நிறுத்துப் பதிவதும், குறிப்பிட்ட நாளில் வரும் குடும்பநல உத்தியோகத்தருக்கு உதவுவதும் என் வேலை. ஆய்வுக்கு வரும் மாணவர்களுக்கு முதலில் தெரிய வரும் இடமும் இதுதான். பிள்ளைகள் ஒரே இடத்தில் கிடைப்பார்கள், பதிவேடு இருக்கும், தராசு இருக்கும். ஆகவே அவர்கள் வருகிறார்கள். உயரம் அளக்கிறார்கள், நிறை பார்க்கிறார்கள், தாய்மாரின் மேற்கையைச் சுற்றி அளவுநாடா பிடிக்கிறார்கள், சில வேளைகளில் இரத்தமும் எடுக்கிறார்கள். போகும்போது மிக்க மரியாதையுடன் நன்றி சொல்லிச் செல்கிறார்கள். அதன் பிறகு எங்களுக்கு ஒன்றும் தெரிய வருவதில்லை. "அன்றைக்கு ஊசி குத்தி இரத்தம் எடுத்தார்களே, அதில் என்ன தெரிந்ததாம்?" என்று ஒரு தாய் என்னிடம் கேட்டால் அவளுக்குக் கொடுக்க என்னிடம் பதில் இல்லை. இந்த நிலை எந்தத் தனி மாணவரின் குணக்குறையாலும் வந்தது என்று நான் நினைக்கவில்லை. ஆய்வேட்டை ஒப்படைத்துப் பரீட்சகர் முன் நின்று பட்டம் பெறுவதோடு கடமை முடிந்துவிட்டதாக உங்கள் படிப்பின் ஒழுங்கே வைத்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் துறையின் வரலாற்றை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அதில் எங்களுக்குள்ள பங்கை நினைவூட்டுவது என் உரிமை. ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 1916இல் இந்த நாட்டில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியபோது தோட்டத் தொழிலாளர்களிடையேதான் தொடங்கியது. எங்கள் கொள்ளுப்பாட்டன்மாரின் மலத்தைச் சோதித்து, அவர்களுக்கு மருந்து கொடுத்து, மலசலகூடம் கட்டுவதன் அவசியத்தை நிறுவிய அந்த அனுபவத்தின் பின்னர்தான் 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு வந்தது. இன்று நாடு முழுவதும் இருக்கும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் அதன் வழிவந்தவை. அந்த ஏற்பாடு கிராமங்களைச் சென்றடைந்த பிறகும் தோட்டத்து வைத்தியம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு என்று நெடுங்காலம் தனியே விடப்பட்டது. தோட்ட வைத்தியசாலைகள் சிலவற்றை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1990களில்தான். இப்போது பிரசவங்கள் ஏறக்குறைய எல்லாமே வைத்தியசாலையில் நடக்கின்றன, தடுப்பூசி தவறுவதில்லை. இவற்றை நான் நன்றியோடு சொல்கிறேன். ஆயினும் 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதற்கும் 17 சதவீதம், தோட்டத்துறையில் 32 சதவீதம். இந்த எண் உங்கள் ஆய்வேடுகளின் முன்னுரையில் இடம்பெறுகிறது. அந்த 32இல் தன் பிள்ளையும் ஒன்று என்பது பெற்றவளுக்குத் தெரியாமல் இருப்பது எந்த விதத்தில் நியாயம்?

தெரிந்தால் அவர்கள் என்ன செய்துவிடப் போகிறார்கள் என்று உங்களில் யாரும் எண்ணக் கூடாது. தாய்மாரிடையே இரத்தசோகை கூடுதலாக இருப்பதை ஓர் ஆய்வு கண்டிருந்தால், சாப்பாட்டோடு தேத்தண்ணீர் குடிப்பது உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைக் குறைக்கும் என்பதையும், ஒரு மணி நேரம் பிந்திக் குடித்தால் போதும் என்பதையும் தாய்மார் கூட்டத்தில் நானே எடுத்துச் சொல்ல முடியும். பீலித் தண்ணீரில் (பொதுக் குழாய்த் தண்ணீரில்) கிருமி இருப்பதாகக் கண்டிருந்தால், அந்தத் தாளைக் காட்டிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைக்கவும், மேலே உள்ள தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யுமாறு தோட்ட நிர்வாகத்தைக் கேட்கவும் முடியும். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்க்கு வேலை நேரத்தில் இரண்டு தடவை பாலூட்டும் இடைவேளை உண்டு என்று பிரசவ நன்மைகள் சட்டம் சொல்கிறது. தூரத்து மலையில் கொழுந்தெடுக்கும் தாய் அந்த இடைவேளையில் பிள்ளைக்காம்பராவுக்கு இறங்கி வந்து திரும்பிப் போக முடிவதில்லை என்று உங்கள் ஆய்வொன்று பதிவு செய்திருந்தால், பாலூட்டும் தாய்மாருக்குப் பக்கத்து மலையில் வேலை கொடுங்கள் என்று தொழிற்சங்கத் தலைவர்கள் பேசுவதற்கு அது போதிய ஆதாரமாகும். இதையெல்லாம் நாங்கள் வாயால் சொல்லும்போது முறைப்பாடாகவே கேட்கப்படுகிறது. பல்கலைக்கழகத்தின் ஆய்வு சொன்னால் அதற்குள்ள மதிப்பே வேறு.

தகவல் திரட்டும் முறை பற்றியும் நான் சொல்ல வேண்டும், ஏனென்றால் முடிவைத் திரும்பக் கொண்டுவந்து எங்கள் முன் படித்துக் காட்டும் வழக்கம் இருந்திருந்தால் இந்தப் பிழைகள் எப்போதோ திருத்தப்பட்டிருக்கும். வேன் பெரும்பாலும் காலை பத்து மணிக்கு வருகிறது. அந்த நேரத்தில் தாய்மார் மலையில் நிற்பார்கள். லயத்தில், அதாவது எங்கள் வரிசை வீடுகளில், இருப்பவர்கள் வயதானவர்கள். பிள்ளை நேற்று என்ன சாப்பிட்டது என்ற கேள்விக்குப் பாட்டி சொல்வது ஒன்று, இரவில் ரொட்டி சுட்டுக் கொடுத்த தாய் சொல்வது வேறு. சில தடவைகளில் கொழுந்து நிறுக்கும் இடத்திலேயே, வேலையை மேற்பார்வை செய்யும் கணக்கப்பிள்ளையும் வெளிக்கள உத்தியோகத்தரும் பக்கத்தில் நிற்க, வினாக்கொத்து நிரப்பப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். முழுப் பெயர் (முழுநாள் சம்பளம்) கிடைக்குமா அரைப் பெயரா (அரைநாள் சம்பளமா) என்று அன்றைய நிறையை எண்ணித் தவிக்கும் பெண்ணிடம், அவள் பெயரைப் போடுகிறவர் முன்னிலையில், வேலை நேரத்தில் மலசலகூட வசதி உண்டா என்று கேட்டால் அவள் வேறு என்ன சொல்வாள்? அங்கே அவள் இட்ட கையொப்பத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது சரியல்ல.

திகதியும் முக்கியம். எங்களுக்குச் சம்பளம் பத்தாந் திகதி வருகிறது. அதற்கடுத்த வாரத்தில் கருவாடும் முட்டையும் மரக்கறியும் வீட்டுக்கு வரும். அடுத்த பத்தாந் திகதி நெருங்கும் நாட்களில் கோதுமை மாவும் சம்பலும்தான், அதுவும் கடைக்காரர் கடன் கொடுத்தால். பச்சை கூடிய, அதாவது கொழுந்து நிறையக் கிடைக்கும், மாதங்களில் வரும் வருமானம் மழை கொட்டும் ஆடியில் வராது. ஆகவே பன்னிரண்டாந் திகதி கேட்ட உணவுக் கணக்கும் எட்டாந் திகதி கேட்ட உணவுக் கணக்கும் ஒரே லயத்தை இரண்டு ஊராகக் காட்டும். இந்த நாட்டுப்புறக் கணக்கு எந்தப் பாடநூலிலும் இருக்காது, ஆனால் கேட்டால் எங்கள் பெண்கள் எவரும் சொல்வார்கள். இன்னொன்றும் உண்டு: வேன் ஏறக்கூடிய, தார் வீதிக்குப் பக்கத்தில் உள்ள தோட்டப் பிரிவுகளே திரும்பத் திரும்ப ஆய்வுக்கு எடுக்கப்படுகின்றன. மேலே நடந்து ஏற வேண்டிய பிரிவுகளில்தான் வைத்திய வசதி குறைவு. அங்கே எவரும் வந்ததில்லை.

சங்கத்திடம் இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஒரு மாணவர் தாம் மட்டும் இதைச் செய்ய நினைத்தால் நேரமும் பணமும் மேற்பார்வையாளரின் இசைவும் தடையாக நிற்கும். சங்கம் முடிவெடுத்தால் அது எல்லோருக்கும் வழக்கமாகும். நான் கேட்பது பெரிய செலவும் அல்ல. ஒரு பக்கத்தில், எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் விளங்கும் தமிழில், என்ன தேடினோம், என்ன கண்டோம், நீங்கள் செய்யக்கூடியது என்ன, நிர்வாகமும் அரசும் செய்ய வேண்டியது என்ன என்று எழுதினால் போதும். தமிழ் எழுதத் தெரிந்த உறுப்பினர்கள் மற்றவர்களுக்கு உதவலாம். அதன் பிரதிகள் பிள்ளைக்காம்பராவுக்கும், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும், தோட்ட நிர்வாகத்துக்கும், தோட்ட மக்களின் நலன்களைக் கவனிக்கும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்துக்கும் போக வேண்டும். எந்த ஆய்வு எந்தத் தோட்டத்தில் எந்த ஆண்டு நடந்தது என்ற பட்டியல் ஒன்றைச் சங்கம் வைத்திருந்தால், புதிதாக வருபவர் அளந்த பிள்ளையையே மறுபடி அளக்காமல், ஒருவரும் ஏறாத பிரிவுக்கு ஏறுவார். உயர்தரம் படித்துவிட்டு வேலையின்றி இருக்கும் எங்கள் இளைஞர்களைத் தகவல் சேகரிப்பவர்களாக, உரிய கொடுப்பனவுடன், சேர்த்துக்கொள்ளவும் கேட்கிறேன். அவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசும்போது கிடைக்கும் பதில், மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கிடைக்காது.

எங்கள் தாய்மார் கூட்டம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடைபெறுகிறது. உங்கள் அடுத்த பொதுக்கூட்டத்தில் இந்தக் கோரிக்கையை நிகழ்ச்சிநிரலில் சேர்த்து, ஏற்றுக்கொண்டாலும் மறுத்தாலும் அந்த முடிவைத் தமிழில் எழுதி அனுப்புங்கள். அதை அந்தக் கூட்டத்தில் ஒரு சொல்லும் விடாமல் வாசிப்பேன். இதற்கு முன் எங்கள் பிள்ளைகளை அளந்து சென்றவர்களில் எவரேனும் இன்னும் உங்கள் உறுப்பினராக இருந்தால், அவர் தம் ஆய்வில் கண்டதை இப்போதாவது நேரில் வந்து சொல்லலாம். அவரை அன்போடு வரவேற்போம், கேட்க வேண்டிய கேள்விகளையும் கேட்போம்.

இங்ஙனம்,
பொகவந்தலாவைப் பகுதித் தோட்டமொன்றின்
சிறுவர் அபிவிருத்தி நிலையப் பொறுப்பாளர்