அருகம்புல் மூட்டை

வத்தலக்குண்டு
ஞாயிறு இரவு

அன்பு மகள் கலைக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடி. மழை இல்லை. ஊர்ச் செய்தி அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை இரவு பதினொன்றேகால் மணிக்கு நீ பேசியது மூன்று நிமிடம். பொங்கலுக்குப் பிறகு அதுதான் முதல் முறை. "அப்பா, முயல் காலையிலிருந்து எதுவும் தின்னவில்லை, என்ன செய்வது?" என்று கேட்டாய். முப்பத்திரண்டு வருடம் கால்நடை ஆய்வாளராக இருந்தவன் அதற்குச் சொன்ன பதில், "முயலுக்கு ஒன்று என்றால்தான் அப்பன் ஞாபகம் வருமா?" நடுச்சாமத்தில் கன்று சிக்கிக்கொண்டது என்று கதவைத் தட்டியவர்கள் ஒருவரிடமும் நான் அப்படிப் பேசியதில்லை. நீ வைத்துவிட்டாய். மறுநாள் "இப்போது தின்கிறது" என்று ஒரு குறுஞ்செய்தி. அதற்குமேல் ஒன்றும் இல்லை.

ஆகவே அன்று சொல்லியிருக்க வேண்டியதை எழுதுகிறேன். முயல் தின்னாவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதே. மாட்டுக்காரரிடம் காலையில் வருகிறேன் என்று சொல்லலாம், முயல்காரரிடம் சொல்லக் கூடாது. முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய குடல். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. பன்னிரண்டு மணி நேரம் தீவனம் எடுக்காமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் அது உயிர்போகிற அவசரம். காலையிலும் மாலையிலும் தட்டைப் பார். புழுக்கை கொண்டைக்கடலை அளவில், உருண்டையாக, உலர்ந்து, நிறைய இருக்க வேண்டும். மிளகு அளவுக்குச் சிறுத்தாலோ எண்ணிக்கை குறைந்தாலோ உடனே கிளம்பு. நாய் பூனை மட்டும் பார்க்கிற மருத்துவர் போதாது. முயல் பார்த்துப் பழகியவரை இன்றைக்கே விசாரித்து எண்ணை எழுதி வைத்துக்கொள். வாய்வழியாக அமாக்சிசிலின் கொடுக்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடு. பெனிசிலின் வகை மருந்து வயிற்றில் இருக்கிற நல்ல கிருமிகளைக் கொன்று, முயலையும் கொன்றுவிடும்.

முயல் நோவை வெளியே காட்டாது. மாடு கத்தும், நாய் வந்து காலடியில் படுத்துக்கொள்ளும். முயல் மட்டும் மூலையில் கூனிக்கொண்டு பல்லை நறநறவென்று கடித்தபடி இருக்கும். பார்ப்பவர்கள் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது என்பார்கள். நீயும் அம்மை போட்டதை மூன்றாம் நாள்தான் சொன்னாய். அது கிடக்கட்டும்.

உன் வாட்ஸ்அப்பில் இப்போது முயல் படம் இருக்கிறது. முன்பிருந்த படத்தை எடுத்துவிட்டாய் போலிருக்கிறது. இந்தப் படத்தில் முயலுக்கு முன்னால் ஒரு கிண்ணம் நிறையக் கேரட் இருக்கிறதே, யார் சொல்லி வைத்தாய்? கேரட் அதற்கு மிட்டாய். விரல் நுனி அளவு, வாரத்தில் ஒருநாள் இருநாள், அவ்வளவுதான். கடையில் விற்கிற வண்ண வண்ணத் தானியக் கலவையும் வேண்டாம், சோறு, ரொட்டி, பிஸ்கட் எதுவும் வேண்டாம். புல்தான் சாப்பாடு. அதன் பல் வாழ்நாள் முழுக்க வளரும், வாரத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர். நார் அரைத்து அரைத்துத்தான் அது தேய வேண்டும். உலர்ந்த புல் இராப்பகலாக முன்னால் கிடக்கட்டும். கொத்தமல்லித் தழை, முள்ளங்கி இலை, கொஞ்சம் முருங்கை கொடுக்கலாம், கழுவி ஈரம் வடியவிட்டு. குதிரைமசாலும் அகத்தியும் வளர்கிற குட்டிக்குச் சரி. பெரிய முயலுக்குத் தினமும் போட்டால் சுண்ணாம்புச்சத்து மிஞ்சி, சிறுநீர் சுண்ணாம்புக் குழம்பாகிவிடும். குச்சித் தீவனம் (பெல்லட்) நாளைக்குக் கிலோ உடம்புக்கு 25 கிராம் போதும். தண்ணீர் புட்டியைவிடக் கனமான கிண்ணம் நல்லது. இரண்டு கிலோ முயல் கால் லிட்டர் தண்ணீர்கூடக் குடிக்கும்.

சிறுநீர் செம்மண் நிறத்தில் போனால் பயந்துவிடாதே, தழையின் சாயமாக இருக்கும். திராட்சைக் கொத்து மாதிரி மெத்தென்று ஒரு புழுக்கை போட்டு அதையே வாயால் எடுத்துத் தின்னும். அருவருத்துக்கொண்டு தடுக்காதே, அதுவும் அதற்குச் சாப்பாடு. காதைப் பிடித்துத் தூக்காதே, பின்பக்கத்தைத் தாங்கித் தூக்கு. குளிப்பாட்டாதே. பெண் முயலாக இருந்தால் கருப்பையை எடுத்துவிடச் சொல், மூன்று நான்கு வயதுக்கு மேல் அதில் புற்று வருவது மிக அதிகம். தின்கிறதா என்று பார். இதை முன்பே எழுதிவிட்டேன், இருந்தாலும் பார்.

முயலைத் தனியாக வைக்கக் கூடாது. கூட்டமாக வாழ்கிற பிராணி. பகல் முழுக்க வெறும் வீட்டில் ஒற்றையாக அடைந்து கிடந்தால் சோர்ந்துவிடும், தின்பதும் குறைந்துவிடும். முயலைத்தான் சொல்கிறேன்.

நம் முயல் சாம்பு குட்டி போட்டபோது என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? தன் மயிரைத் தானே பிடுங்கி மெத்தை போட்டது, ஏழு குட்டி, அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. அம்மா "பாதகி, பால் கொடுக்காமல் கொல்கிறாள்" என்று திட்டித் தீர்த்தாள். நீதான் டார்ச் விளக்கோடு விழித்திருந்து கண்டுபிடித்தாய், நாளைக்கு ஒரே முறை, இருட்டில், மூன்று நான்கு நிமிடம்தான் பால் கொடுக்கிறது என்று. ஆறாம் வகுப்புப் பிள்ளை! நான் அலுவலகம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மூன்று நிமிடம் போதும் என்று உன் போனுக்கும் எழுதத் தோன்றுகிறது. பொய். போதாது.

கூண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடியில் வெறும் கம்பி வலை இருந்தால் பின்னங்கால் புண்ணாகிவிடும். பலகையோ சாக்கோ போடு. பகலில் கூண்டுக்கு வெளியே ஓடவிடு, ஒயரை மட்டும் மறைத்து வை. முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூடு இறங்கும். 30 டிகிரியைத் தாண்டினால் தவிக்கத் தொடங்கிவிடும். ஏப்ரல் மாதத்தில் பெங்களூரும் அந்த அளவுக்குப் போகிறது. தண்ணீர்ப் புட்டியை உறையவைத்துத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வை, சாய்ந்து படுத்துக்கொள்ளும்.

இதை எழுதும்போது கை நின்றுவிட்டது, கலை. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

சாம்புவைப் பூனை கொண்டுபோகவில்லை.

1999 மே 26. தேதி மறக்காது, அன்றைக்கு உலகக் கோப்பையில் இந்தியாவும் இலங்கையும் ஆடின. நீ விடியற்காலையில் அத்தையோடு திருமங்கலம் பஸ் ஏறினாய். ஏறுவதற்கு முன் மாடிக்குப் போய்த் தழை வைத்துவிட்டு வந்து, "அப்பா, பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் சாக்கை நனைக்க வேண்டும்" என்று சொன்னாய். மன்னவனூரில், கொடைக்கானலுக்கும் அப்பால், மலைக்குளிரில் பிறந்த முயல். அதை மே மாத வத்தலக்குண்டில், மொட்டை மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் தகட்டின் கீழ் வைத்தவன் நான். எல்லாம் தெரிந்தவன். பதினொன்றரை மணிக்கே சினேகிதர் வீட்டுக்குப் போய்விட்டேன், அங்கே கேபிள் இருந்தது. கங்குலி 183, திராவிட் 145. இந்தியா ஆடி முடித்த பிறகுதான் எழுந்தேன். சாக்கு எலும்பாகக் காய்ந்திருந்தது. சாம்பு கால்களை நீட்டிக் கிடந்தது.

உன்னிடம் என்ன சொல்வது என்று இரவெல்லாம் யோசித்தேன். நீ திரும்பி வருவதற்குள் குறடு எடுத்துக் கூண்டுக் கதவின் வலையை நானே வளைத்து வைத்தேன். "தாழ் சரியாக விழவில்லை போலிருக்கிறது, பூனை புகுந்துவிட்டது" என்றேன். கடைசியாகக் கதவைச் சாத்தியது நீ. நீ அழவில்லை. கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து அந்தத் தாழைப் போட்டுப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தாய்.

அன்றிலிருந்து எந்தக் கதவைச் சாத்தினாலும் மூன்று முறை இழுத்துப் பார்ப்பாய். விடுதியில் சேர்த்துவிட்டுத் திரும்பிய அன்றைக்கும் பார்த்தேன். கல்யாண மண்டபத்தில், பட்டுப்புடவையோடு, அறைக்கதவை மூன்று முறை. மாப்பிள்ளை சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

நீ தாழ்ப்பாளைச் சரியாகத்தான் போட்டிருந்தாய். அது உன் தவறே இல்லை. உனக்கு முப்பத்தேழு வயது ஆன பிறகு எழுதுகிறேன். இப்போது எதைப் பற்றி நீ அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறாயோ எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை.

அம்மாவுக்கு இன்னும் பூனைக் கதைதான் தெரியும். நீ சொன்னால் சொல்லிக்கொள்.

மூன்று நாளாக வாய்க்கால் கரையில் அருகம்புல் அறுத்து, மருந்து அடிக்காத இடமாகப் பார்த்து, மாடியில் நிழலில் உலர்த்தியிருக்கிறேன். பச்சை மணம் போகவில்லை. சாக்கில் கட்டினால் ஆறு கிலோதான், ஆனால் மூட்டை ஆள் உயரம் நிற்கிறது. வியாழக்கிழமை இரவு திண்டுக்கல்லில் பெங்களூர் பஸ்ஸில் போட்டுவிடலாம். காலையில் ஒருவர் போய் இறக்கி, மூன்று மாடி ஏற்ற வேண்டும். லிஃப்ட் அடிக்கடி நின்றுவிடும் என்று மாப்பிள்ளை ஒருமுறை சொன்னதாக ஞாபகம். தூக்க ஆள் இருந்தால் பஸ்ஸில் போடுகிறேன். இல்லாவிட்டால் நானே கொண்டு வருகிறேன், எனக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை. எது என்று மட்டும் சொல்.

முயலுக்கு என்ன பெயர் வைத்தாய் என்று நீ சொல்லவே இல்லை.

அப்பா